கல் தீட்டும் மெஷினும் ரோதமுனியின் சேவலும்

1957 ஆகஸ்டு 4, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. ஞாயிற்றுக்கிழமை மழையை நான் குறை சொல்வதில்லை. கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எந்த மெஷின் வாங்குவது என்று நாலாவது ஞாயிறாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதற்குள் ஓயா ஆற்றில் பொறுக்கிய நாற்பத்து மூன்று கற்கள், பத்து வயதிலிருந்து சேர்த்தவை. தண்ணீருக்குள் கிடக்கும்போது ஒவ்வொன்றும் ராணி மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் உப்புக்கல் மாதிரி முகம் வெளுத்துவிடும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அவை ஈரமில்லாமலே ஈரமாக இருக்க வேண்டும். அதற்குக் கல் தீட்டும் மெஷின் வேண்டும். இதற்கு மேல் காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பா அம்மாவைத் தவிர யாருக்கும் இது தெரியவும் வேண்டாம்.

பார்த்த வரையில் மூன்று வகை. முதலாவது, ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரைசாணி விட்டுச்சென்ற பத்திரிகைக் கட்டுக்குள் விளம்பரமாக வந்தது. கரண்டில் ஓடும். நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் உண்டாகிற கரண்டு எங்கள் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போகிறது. எங்கள் வீட்டுக்கு இறங்கிவர அதற்கு நேரமில்லை. இரண்டாவது, இரத்தினபுரிக்காரர்களின் கைச்சக்கரம். வில்லால் இழுத்துச் சுற்ற வேண்டும். மூன்றாவது, தையல் மெஷினின் கால்மிதியில் தட்டைப் பூட்டி ஓட்டுவது. இது அப்பாவின் யோசனை.

அப்பா இந்தத் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் மெஷின் பழுது பார்ப்பவர். நல்லமுத்து பாஸ் என்றால் நாலு தோட்டத்துக்குத் தெரியும். கொழுந்து கசக்கும் ரோலரின் மேல் காதை வைத்தே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். அம்மா பேசுவது மட்டும் அவர் காதில் விழாது.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துச் சேர்த்த பணம் அம்மாவிடம் இருக்கிறது. அம்மாவுக்கு அதில் நிலைக்கண்ணாடி வைத்த அலுமாரி வேண்டும்.

"கல்லு மினுங்குனா என்ன, மினுங்காட்டி என்ன? சீலய எலி திங்குது."

"ஏன்டி பேச்சியம்மா, எலிக்கு அலுமாரி வாங்குனா புள்ளைக்கு மிசினு வாங்கக் கூடாதா?" என்றார் அப்பா. பிறகு இரண்டு பேரையும் பார்த்து தீர்ப்புச் சொன்னார்: "ஆயுத பூசைக்குள்ள பரிமளம் ஒரே ஒரு கல்ல மினுக்கிக் காட்டட்டும். காட்டிட்டா மிசினு. இல்லாட்டி அலுமாரி. அதுவரைக்கும் சோத்துல கை வக்கிற நேரத்துல ரெண்டு பேரும் வாய் தொறக்கக் கூடாது."

ஆயுத பூசைக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

ஆகஸ்டு 6

மூன்றாம் வகுப்பில், உலகத்திலேயே கடினமான பொருள் எது என்று கேட்டேன். வைரம் என்று வரும் என எதிர்பார்த்தேன். "எங்கம்மா நேத்துச் சுட்ட ரொட்டி" என்று வந்தது.

ஆகஸ்டு 11, ஞாயிறு

அட்டனுக்குப் போய் வந்தேன். கடைவீதியில் ஒரு நகைக்கடையின் பின்கட்டில் செல்லசாமி ஆசாரி கைச்சக்கரம் வைத்திருக்கிறார். இரத்தினபுரியில் பழகிக்கொண்டு வந்தவர். கேட்டதும் எழுந்து இடம் கொடுத்தார்.

தரையில் உட்கார்ந்து வலது கையால் வில்லை இழுக்க வேண்டும். இடது கையால் கல்லைச் சக்கரத்தில் வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் பிடில் வாசித்துக்கொண்டு முருங்கைக்காய் நறுக்குவது போல. நான் பத்துத் தடவை இழுத்தேன். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி, யோசித்து, ஒரு சுற்றுத் திரும்பி வந்தது.

"இது கையில ஓடாது டீச்சர், இடுப்புல ஓடும். ஒரு பத்து வருசம் ஒக்காந்தீங்கன்னா தானா வந்துரும்" என்றார்.

என் மஞ்சள் கல்லைக் காட்டினேன். நான் முதலில் எடுத்த கல் அது, கொண்டைக்கடலை அளவு. புஷ்பராகமா வெறும் பளிங்கா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

"குடுத்துட்டுப் போங்க. வர்ற வாரம் மினுங்க மினுங்கத் தர்றேன்."

கொடுக்கவில்லை. வேறொருவர் மினுக்கினால் அது அவர் கல்லாகிவிடும். பஸ்ஸில் வரும்போது முழங்கையைத் தூக்க முடியவில்லை.

ஆகஸ்டு 18, ஞாயிறு

இனி என் வாழ்க்கையில் மேடை ஏற மாட்டேன்.

வாலிபர் சங்கச் செயலாளர் கணேசமூர்த்தி மூன்று வாரமாகத் துரத்திக்கொண்டிருந்தார். "நீங்க பேசுனாத்தான் பொம்பளைங்க கேப்பாங்க" என்று ஒரே பிடி. தலைப்பு, உயிர்ப்பலி கூடாது. காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு வரிக்குப் பலமான கைதட்டல் கிடைத்தது: "நம் விரலைக் காப்பாற்ற வாயில்லாத ஜீவனின் கழுத்தைக் கேட்கிற சாமி, சாமியா?" விரல் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கழுத்துக்கு எதிரே சிறியதாக ஒன்று தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

காகிதத்தை இறக்கினால், முன்வரிசையில் பக்கத்து வீட்டு வீரய்யா மாமா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. போன மாதம் ரோலரில் அவர் கை போகப் பார்த்தது. மயிரிழை. அன்றைக்கே ரோதமுனிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். பெக்டரிச் சக்கரங்களைக் காக்கிற சாமி அல்லவா. ஆயுத பூசையன்று பலி. காலில் மஞ்சள் நூல் கட்டிய அந்தச் சேவல் தினமும் எங்கள் வாசலில்தான் மேய்கிறது.

நான் புத்தகத்தைப் பேசினேன். பக்கத்து வீட்டைப் பேசவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது?

ஆகஸ்டு 25, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அம்மா ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா அவளுடைய தையல் மெஷினின் தலையைக் கழற்றிவிட்டு, கால்மிதியில் ஒரு செப்புத் தட்டைப் பூட்டிக் கொடுத்தார். தட்டில் எண்ணெய் விட்டுக் குழைத்த குருந்தக்கல் பொடி. ஒரு குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டிய மஞ்சள் கல். "மெதுவா மிதி" என்றார். அதற்குள் பெக்டரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட, போய்விட்டார்.

தையல் பழகிய எவருக்கும் தெரியும். சக்கரத்தைக் கையால் முன்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். வெறுமனே மிதித்தால் அது பின்பக்கம் ஓடிவிடும். நூல் அறும் என்று அம்மா ஐம்பது தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கல் பறக்கும் என்று ஒரு தரமும் சொல்லவில்லை.

வெறுமனே மிதித்தேன்.

கல் குச்சியை விட்டு ஜன்னல் வழியாகப் போயிற்று. பக்கத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் 'டங்'கென்று ஒரு சத்தம். பிறகு உருளுகிற சத்தம். பிறகு வாசலில், மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். நனைந்து, பளபளவென்று, ராணி மாதிரி. நான் கதவைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்குள் ரோதமுனியின் சேவல் வந்துவிட்டது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தது. அந்தப் பக்கம் சாய்த்தது.

விழுங்கிவிட்டது.

"ஏய்!" என்றேன். வேறு என்ன சொல்ல? சேவல் கழுத்தை நீட்டி ஒரு தரம் கூவியது. வேறு யாரும் பார்க்கவில்லை.

அம்மா திரும்பி வந்து பார்த்தபோது நான் அவசரத்தில் திரும்பப் பூட்டிய மெஷின் தலை பின்பக்கம் முன்பக்கமாக இருந்தது. அவள் பேசியதை எழுத இந்த நோட்டுப் போதாது. கால்மிதிக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகஸ்டு 26

துரைசாணி விட்டுச்சென்ற கட்டுக்குள் பறவைகளைப் பற்றி ஒன்று இருந்தது. தேடி எடுத்தேன். கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய கல்லையும் மணலையும் வயிற்றில் ஒரு தடித்த பையில் வைத்துக்கொண்டு, இரை அரைப்பதற்காக இரவும் பகலும் புரட்டிக்கொண்டே இருக்கும். நாள்பட்ட கற்கள் வழவழப்பாகிவிடுமாம்.

இரண்டு தடவை வாசித்தேன். பிறகு கலண்டரைப் பார்த்தேன். சேவல் ஐந்து வாரம் புரட்டும். ஆயுத பூசையன்று பலி. கல் வெளியே வரும். அன்றைக்குத்தான் அப்பாவின் கெடுவும்.

"மினுக்கிக் காட்டு" என்றுதான் அப்பா சொன்னார். எந்த மெஷினில் என்று சொல்லவில்லை.

(என் சொற்பொழிவு வேறு விஷயம். அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

செப்டெம்பர் 8, ஞாயிறு

ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று, வேறொரு கல்லை எடுத்து அம்மியில் மணல் போட்டுப் பத்து நாளாகத் தேய்த்தேன். பலன் உண்டு. அம்மி மினுங்குகிறது. கல் அப்படியே இருக்கிறது. நேற்றுச் சம்பலில் ஏதோ நறநறவென்றது. அம்மா தேங்காய்க்காரனைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன்.

ஒருவேளை கல் பலிக்கு முன்பே வெளியே வந்துவிட்டால்? அதற்காகத் தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு குச்சியோடு சேவலின் பின்னால் போகிறேன். என்ன தேடுகிறேன், எதில் தேடுகிறேன் என்பதை எழுதக் கை கூசுகிறது.

வீரய்யா மாமாவின் மனைவி அம்மாக்கண்ணு அக்கா கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தார். "என்னா டீச்சர், எங்க ராசாவுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறீங்களா?"

"இல்லக்கா... சும்மா, காத்து வாங்கலாம்னு."

"அவன் பின்னாடியா காத்து வாங்குறீங்க?"

செப்டெம்பர் 15, ஞாயிறு

அம்மாக்கண்ணு அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"டீச்சர், நம்ம ராசாவ அறுக்கல. அன்னிக்கி ஒங்க பேச்சக் கேட்டதுலேருந்து எனக்கு ராவுல தூக்கமில்ல. தெனமும் இவருகிட்ட மல்லுக்கட்டி, நேத்துத்தான் சரின்னாரு. ரோதமுனிக்குப் பூசணிக்கா ஒடைக்கிறோம். எல்லாம் ஒங்க புண்ணியம்."

நான், "நல்லது அக்கா" என்றேன். என் குரல் அம்மியில் தேய்த்த மாதிரி வந்தது.

செப்டெம்பர் 16

நான் சொல்லி ஒருவர் கேட்டது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

செப்டெம்பர் 22, ஞாயிறு

'ஒரு சேவல்தானே' என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். 'எப்படியும் ஒருநாள் குழம்பாகப் போவதுதானே' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். 'அன்பைப் பற்றி இருபத்திரண்டு புத்தகம் படித்திருக்கிறேன்' — இது உண்மை. அடிக்கவில்லை. ஆனால் இதனால் எனக்கு ஒரு உபயோகமும் இல்லை.

சேவலோ நாளுக்கு நாள் அழகாகிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கொண்டை தெரிவதில்லை, இறகு தெரிவதில்லை. உள்ளே ஒரு மஞ்சள் வெளிச்சம் புரளுவதுதான் தெரிகிறது. சேவலும் என்னைக் கண்டால் நிற்கிறது. கையில் அரிசி வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறது. வைத்திருக்கிறேன்.

வீரய்யா மாமாவுக்குப் பயம் போகவில்லை. "பூசணிக்காய சாமி ஏத்துக்குமா பாஸ்?" என்று அப்பாவிடம் கேட்டார். "ரோலர நிப்பாட்டிப்புட்டுக் கைய வையி வீரய்யா. அப்ப எந்தச் சாமியும் கோவிக்காது" என்றார் அப்பா. மாமா திருப்தியடையவில்லை. யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், மறுபடியும் கத்தியை எடுத்துவிடுவார்.

யாராவது.

ஒக்டோபர் 1, செவ்வாய்

நாளை ஆயுத பூசை. பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன்: 'அக்கா, சாமிக்கு நேர்ந்ததை மாற்றுவது பெரியவர்கள் வைத்த முறைக்கு...' என்னுடைய சொற்பொழிவுக்கு நானே எழுதிய மறுப்பு. நன்றாகவே எழுதியிருந்தேன்.

போனேன். அக்கா வாசற்படியில் சேவலை மடியில் வைத்து, குருணை ஊட்டிக்கொண்டிருந்தார். மாமா கத்திக்கும் மண்வெட்டிக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க டீச்சர்! ஒங்களப் பத்தித்தான் இவன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். நம்ம வெரலக் காப்பாத்த வாயில்லாத சீவனோட களுத்தக் கேக்குற சாமி சாமியான்னு டீச்சர் அம்புட்டு சனத்துக்கு முன்னாடி கேட்டாங்கடா ராசா. அவங்க இல்லாட்டி நாளைக்கி நீ கொளம்புடான்னேன். என்னா டீச்சர், ஏதும் சொல்ல வந்தீங்களா?"

மாமா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். சேவலும் பார்த்தது.

"சும்மாதான்."

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன்.

ஒக்டோபர் 2, புதன்

பூசணிக்காய் நல்ல பெரியது. உடைத்தபோது வீரய்யா மாமா கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். ரோலர் அமைதியாக இருந்தது, மாலை போட்டுக்கொண்டு. சேவல் பெக்டரிக் கூரையில் ஏறி நின்று கூவியது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு கை சுண்டல் கிடைத்தது.

சாப்பிடும்போது அப்பா, "கல்லு?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். அம்மா தன் அப்பளத்தை என் தட்டில் வைத்தாள். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

ஒக்டோபர் 7, திங்கள்

ரஷ்யாக்காரர்கள் ஒரு நிலாவைச் செய்து வானத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறதாம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு, சேவலைச் சுற்றிவரப் போனேன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

அலுமாரி லொறியில் வந்து இறங்கியது. எங்கள் கதவை விட நாலு விரல் அகலம். அப்பா நிலையைக் கழற்ற உளி தேடிப் போனார். அதுவரை வாசலில் சாக்கு விரித்து நிறுத்தி வைத்தோம். ஆளுயரக் கண்ணாடி. லயத்து வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து தங்கள் முழு உருவத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வருத்தத்தோடு போனார்கள்.

கடைசியாகச் சேவல் வந்தது.

கண்ணாடிக்குள் இன்னொரு சேவல். அதன் காலிலும் மஞ்சள் நூல். எங்கள் சேவல் கழுத்து மயிரைச் சிலிர்த்தது. அதுவும் சிலிர்த்தது. அவ்வளவுதான், பாய்ந்துவிட்டது. அம்மா, "ஐயோ, என் கண்ணாடி! ஐயோ, என் அலுமாரி!" என்று விளக்குமாற்றோடு ஓடினாள். கால் மணி நேரம் சண்டை. இரண்டு சேவலுக்கும் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. மூச்சு வாங்கி நின்ற எங்கள் சேவல், வால் இறகைத் தூக்கிச் சாக்கின் மேல் தன் கருத்தைத் தெரிவித்துவிட்டு இறங்கியது.

துடைக்க வந்த அம்மாக்கண்ணு அக்கா குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு தேயிலை இலையால் எதையோ வழித்து எடுத்தார். தண்ணீர் விழும் பீலிக்குப் போய்க் கழுவினார். நேரே என்னிடம் வந்து உள்ளங்கையைத் திறந்தார்.

"இதத்தான தேடுனீங்க?"

என் கல். உளுந்து அளவுக்குத் தேய்ந்து, முனையெல்லாம் உருண்டு. அவர் முந்தானையில் துடைத்தபோது காய்ந்தது. காய்ந்த பிறகும் மஞ்சளாகவே இருந்தது.

"ஒங்களுக்கு... எப்ப தெரியும்?"

"ரெண்டு மாசமா என் சேவலு பின்னாடி குச்சியோட நடக்குறீங்க. பாசத்துலயா நடப்பாங்க? உள்ளுக்கு என்னமோ இருக்குன்னு வெளங்கிருச்சு." குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கி நீங்க அறுக்கச் சொல்லத்தான் வந்தீங்க. ஒங்க மொகத்துல எழுதியிருந்துச்சு. டீச்சரே சொல்லிட்டாங்கன்னா எங்க வீட்டு மனுசன் அந்த நிமிசமே அறுத்திருப்பாரு. அதான் நீங்க வாயத் தொறக்க முன்ன, ஒங்க பேச்ச எடுத்து ஒங்க வாயிலயே வச்சு அடச்சேன். கோவிச்சுக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அம்மா, கண்ணாடியில் விழுந்த கீறலைத் தடவிக்கொண்டு, "இங்க என் உசுரு போவுது, அங்க என்னாடி சிரிப்பு?" என்றாள்.

ஒக்டோபர் 21

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கல்லை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"வில்லு இல்ல, மிதி இல்ல, கரண்டு இல்ல. ஒரு பையி. உள்ளுக்குக் கல்லும் மண்ணும். புரட்டிக்கிட்டே இருக்கு. அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாம்ப்பா."

"அடப் பாவி மக்கா, நாம எந்த மிசினு வாங்குறதுன்னு மூணு மாசமா மண்டைய ஒடச்சோம். நல்ல மிசினு வாசல்லயே மேஞ்சிருக்கு." தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கரியால் கோடு இழுக்க ஆரம்பித்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

மூடி போட்ட பெயிண்ட் தகரம். உள்ளே பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறது. நடுவில் இரும்புக் கம்பி, கம்பியின் மறுமுனையில் தகரத்தில் வெட்டிய எட்டு இதழ்கள். பீலியில் வழிந்து வடிகானுக்குப் போகிற தண்ணீர் இதழ்களில் விழ, தகரம் உருளுகிறது. உள்ளே என் கற்கள் இருபது, ஆற்று மணல், தண்ணீர். செல்லசாமி ஆசாரி ஒரு பொட்டலம் குருந்தக்கல் பொடி கொடுத்தார். கடைசியில் உமிச் சாம்பல் போட வேண்டும் என்றும் சொன்னார்.

கடகட, கடகட. ஓய்வே இல்லை. லயத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை, மழை மாதிரி இருக்கிறதாம். அதற்குச் சேவல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் எடுக்க வருகிறவர்கள், "சேவலு ஓடுதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் குடத்தை வைக்கிறார்கள். சக்கரம் என்று இருந்தால் ரோதமுனிக்குச் சொந்தம் என்று வீரய்யா மாமா அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். தண்ணீர் உடனே அழித்துவிட்டது. மறுநாளும் வைத்தார்.

ஒன்றுதான் ரகசியமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு இவ்வளவு சத்தம்.

டிசெம்பர் 22, ஞாயிறு

இன்று திறந்தோம். சாம்பல் தண்ணீரை ஊற்றிக் கழுவி, சாக்கில் பரப்பி, வெயிலுக்காகக் காத்திருந்தோம். காய்ந்தன.

ஈரமாகவே இருந்தன.

அம்மா குனிந்து ஒரு கல்லை எடுத்து முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்த தன் கூறைச் சேலையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "இங்க வையி. எலி தூக்கிட்டுப் போயிரும்" என்றாள்.

எலி கல்லைத் தின்னாது என்று நான் சொல்லவில்லை.

1958 ஜனவரி 14, பொங்கல்

போன வாரம் மஞ்சள் கல்லைச் செல்லசாமி ஆசாரியிடம் கொடுத்திருந்தேன். "வெறும் பளிங்கு" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூக்குத்தியாகக் கட்டி முடித்ததை நேற்று வாங்கி வந்தேன்.

அம்மாக்கண்ணு அக்காவின் மூக்கில் இத்தனை நாள் துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு ஈர்க்குத் துண்டுதான் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்றார். "ராசா தீட்டுனது, என்னோடது இல்ல" என்றேன். மூக்கிலிருந்து ஈர்க்கை உருவினார்.

இன்று காலை வாசலில் பொங்கல் பானைக்கு முன்னால் மூக்குத்தியோடு குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். அடுப்பு வெளிச்சத்தில் அது ஒரு பொட்டு மஞ்சளாகத் தெரிந்தது. சேவல் வந்து நின்றது. தலையை இந்தப் பக்கம் சாய்த்து அவர் மூக்கைப் பார்த்தது. அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது.

"அக்கா, மூக்கு!" என்று கத்தினேன்.